பேச்சை மாற்றிய மரம்

கண்டிக்குப் பக்கத்தில், எங்கள் அம்பிட்டிய வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் நின்றது. பிள்ளையார் கோயிலுக்குப் புதுக்கதவு செய்ய அதைத் தருவதாக அப்பா கோயில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமி காரியத்துக்கு எப்படிச் சொல்வது? ஆனால் அன்றிலிருந்து தினமும் பலாக்காய்க் கறிதான். அதிலேயே அப்பாவுக்கு ஒரு சந்தேகம் விழுந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கண்டியில் கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டியவர்களிடம் வேலை செய்தார். திரைக்குப் பக்கத்தில் நின்று, படத்தில் வருகிறவர்களுக்காக அவரே தமிழில் பேசுவார். அந்த வாரம் வந்தது ஆட்கள் நடித்த படமல்ல; கையால் வரைந்த உருவங்களே நடந்து திரியும் படம். ஒரு விறகுவெட்டி கோடரியை ஓங்குவான். மரத்துக்குக் கண் திறக்கும், வாய் முளைக்கும். நானும் அம்மாவும் போன அன்று மாமா குரலைக் கனமாக்கிக்கொண்டு மரமாகப் பேசினார்.

"வெட்டுறியா? வெட்டு. வீட்டுல அரிசி இல்லாத மாசமெல்லாம் என் கொட்டைய அவிச்சுக் குடுத்துத்தானே பிள்ளைய காப்பாத்துன? அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டு!"

பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அம்மாவும்தான். எனக்கோ சந்தேகம். திரையில் மரத்தின் வாய் மூன்று தரம்தான் அசைந்தது. இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது? அந்த மரத்தில் காயையும் காணோம், கொட்டையையும் காணோம்.

வீட்டுக்கு வந்து, "மரம் வெட்டாதேன்னு சொல்லுதுப்பா" என்றேன்.

"மரம் சொல்லிச்சா, உங்கம்மா சொல்லிச்சா?" என்றார் அப்பா. மறுநாள் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு முன்வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தார்.

மாமா எங்களைக் கண்டுவிட்டார். மரம் வாய் திறந்தபோது அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

"சாமி காரியம்னா எனக்குச் சந்தோசம்ங்க. நல்லா வெட்டுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "பொய்! நேத்து மரம் இப்படிச் சொல்லல!" என்று கத்தி, அரிசி இல்லாத மாதத்தையும் அவித்த கொட்டையையும் பிள்ளையையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். கூடாரமே சிரித்தது. "நாளைலேர்ந்து பாப்பாவையே பேச விடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கூவினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, "சாமியே சொல்லட்டும்" என்றார். குளித்து, திருநீறு பூசி, பூக்கட்டிப் பார்க்க அவரே வாழையிலையில் இரண்டு பொட்டலம் மடித்தார். ஒன்றில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளை என்றார். சிவப்பு வந்தால் மரத்தை வெட்டுவது, வெள்ளை வந்தால் விடுவது. விளக்குக்கு முன்னால் வைத்து என்னை ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வெள்ளை நந்தியாவட்டை. அம்மா அப்படியே நிலத்தில் விழுந்து கும்பிட்டாள்.

கோயில் பெரியவர்களும் சாமியின் உத்தரவு என்று ஒப்புக்கொண்டார்கள். கதவுக்கு அப்பா வேறு மரம் தேடிக் கொடுத்தார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. யாரும் இல்லாத நேரம் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

அம்மாவின் வேலைதான் என்று முடிவு கட்டினேன். மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் இதையும் செய்ய மாட்டாளா? பொட்டலம் மடித்தபோது அம்மா கிணற்றடியில் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் பல மாதம் அவளையே கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்த்துத் திரிந்தேன்.

அப்பா மேல் சந்தேகமே வரவில்லை. கொட்டை தின்று பிழைத்த பிள்ளை நான்தான் என்பதும் அப்போது தெரியாது. அதற்குப் பிறகு பிள்ளையார் முன்னால் அப்பா மூன்று குட்டோடு நிறுத்தியதில்லை. நெற்றி சிவக்கச் சிவக்கக் குட்டிக்கொண்டே நிற்பார். எண்ணிக்கை மறந்துவிட்டது போலும் என்று பக்கத்தில் நின்று நான் எண்ணிச் சொல்வேன்.