உப்புத் தேநீருக்கு நான் போட்ட இரண்டு புள்ளி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சோளகக் காலத்தில், புங்குடுதீவில் நடந்தது இது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வீடு யாழ்ப்பாண நகரில். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். சோளகக் காற்று பேயாட்டம் ஆடும் நாட்களில் கடல் நடுவே போகும் அந்தத் தெருவில் விழாமல் போய்ச் சேருவதே பெரிய பாடு.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் குறியீட்டுப் பைத்தியம். கதையில் ஒரு காகம் பறந்தாலும் சும்மா பறக்க விடமாட்டேன், அது எதைக் குறிக்கிறது என்று அரை மணி நேரம் விளக்குவேன். "சொதியில மிதக்கிற கறிவேப்பிலையும் உங்களுக்குக் குறியீடுதான், பேசாமல் சாப்பிடுங்கோ" என்பது என் மனைவியின் வழக்கமான ஏச்சு.

அந்தத் தவணையில் நாங்கள் படித்தது ஒரு பழைய சிறுகதை. எழுதியவரும் தீவுப்பகுதிக்காரர்தான். தென்னிலங்கையில் கடை வைத்திருந்தவன் ஒன்பது வருடம் வீட்டை எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு ஒருநாள் திரும்பி வருகிறான். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். ஒரு மிடறு குடிக்கிறான், உப்புக் கரிக்கிறது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கிறான். அவ்வளவுதான் கதை.

அந்த உப்பு அவளுடைய கண்ணீர், ஒன்பது வருடத் துயரத்தின் குறியீடு. நான் படித்த காலத்தில் என் ஆசிரியர் சொன்னது அது. நானும் பதினொரு வருடமாக அதையே குறிப்பாகக் கொடுத்து வந்தேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தழதழக்க வைப்பதும் உண்டு.

தவணைப் பரீட்சையில் அந்தத் தேநீர் ஏன் உப்புக் கரித்தது என்று விளக்கக் கேட்டிருந்தேன். வகுப்பில் ஆறு பேர். ஐந்து பேர் கண்ணீரைப் பக்கம் பக்கமாக ஓட விட்டிருந்தார்கள். ஆறாவது தாள் மடத்துவெளியிலிருந்து வரும் பிள்ளையுடையது. வகுப்பிலேயே கெட்டிக்காரி, தமிழ் ஆசிரியையாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டவள். அவள் எழுதியிருந்தது மூன்றே மூன்று வரி. "தேநீர் உப்பாக இருந்ததற்குக் காரணம் கிணற்றுத் தண்ணீர். அவன் அந்த வீட்டு ஆள். ஆகவே அவள் அவனை ஏற்றுக்கொண்டாள்."

எனக்கு வந்ததே கோபம்! ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று வசனங்கள். என்னை நக்கலடிக்கிறாள் என்றே நினைத்தேன். இருபதுக்கு இரண்டு புள்ளி போட்டு, "கற்பனை வறட்சி. கதையை ஒழுங்காக வாசிக்கவும்" என்று சிவப்பு மையால் எழுதினேன். அதோடு விட்டேனா? வகுப்பில் அதை உரத்து வாசித்தும் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். இலக்கியத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கப் போகிறாளாம்.

"ஏன் பிள்ளை?"

"எனக்கு இலக்கியம் ஏலாது சேர்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே சேர் எழுதினனீங்கள்."

நான் சிவப்பு மையால் எழுதியதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். தமிழில் இப்படி ஒரு பிள்ளை கிடைப்பது எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் படிவத்தைப் பள்ளிக்கூட அதிபரிடம் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போனேன், எப்படியாவது பேசி மனதை மாற்றலாம் என்று.

தாய் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். பிள்ளை முகம் கொடுக்காமல் குசினிக் கதவடியில் நின்றாள். நான் எதிர்காலம், பல்கலைக்கழகம் என்று தொடங்கியதுமே தாய் குசினிப் பக்கம் திரும்பி மகளிடம் சொன்னார்:

"பிள்ளை, சேருக்குப் பிளாஸ்டிக் கானில இருக்கிற நல்ல தண்ணியில தேத்தண்ணி போடு. எங்களுக்குக் கிணத்துத் தண்ணி போதும்."

நான் எதிர்காலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினேன்.

"ஏன் அக்கா, எனக்கு மட்டும் வேற தண்ணி?"

"கிணத்துத் தண்ணி சவர் சேர், உப்புக் கரிக்கும். பால் விட்டால் திரைஞ்சு போம். தண்ணிப் பவுசர் லொறி வாற நாளில நல்ல தண்ணி பிடிச்சு, வாறாக்களுக்கெண்டு எடுத்து வைக்கிறனாங்கள்."

"அப்ப எனக்கும் கிணத்துத் தண்ணியில தாங்கோவன்."

"ஐயோ சேர், அது வீட்டாக்கள் குடிக்கிறது! வெளியாக்களுக்கு அதைக் குடுத்தால் மரியாதையே?"

பதினொரு வருடத்தில் அந்தத் தீவில் எத்தனையோ வீடுகளில் தேநீர் குடித்திருக்கிறேன். ஒன்றிலும் உப்பில்லை. கிணறுகள் சவர் என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? ஆனால் எனக்காக எந்தெந்த வீட்டில் எவ்வளவு நல்ல தண்ணீர் பொத்திப் பொத்தி வைக்கப்பட்டது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று என்னைத்தான் சொல்லவேண்டும்.

அந்தக் கதையில் அவள் ஒன்பது வருடம் கழித்து வந்தவனுக்கு நல்ல தண்ணீரில் தேநீர் கொடுத்திருந்தால்தான் அவன் அந்நியன். கிணற்றுத் தண்ணீரில் கொடுத்தாள் என்றால் 'நீ இந்த வீட்டு ஆள்தான், உள்ளே வா' என்று அர்த்தம். அவன் ஏன் கடைசிச் சொட்டு வரை குடித்தான் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதைத்தானே அந்தப் பிள்ளை மூன்று வரியில் எழுதியிருந்தாள்! எனக்கு அந்தக் கதிரையில் இருக்க வெட்கமாகப் போய்விட்டது.

"பிள்ளை, நீர் எழுதினதுதான் சரி. நான்தான் பிழை விட்டனான்" என்றேன். தாயின் முன்னாலேயே சொன்னேன், சொல்ல வேண்டியிருந்தது. அவள் குசினிக்குள் போய் ஒரு கோப்பையோடு வந்தாள். கொடுக்கும்போது முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. ஒரு மிடறு குடித்தேன். அப்பப்பா, கடலையே கலக்கித் தந்துவிட்டாளோ என்றிருந்தது! நான் முகத்தைச் சுளித்த சுளிப்பில் தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முழுவதையும் குடித்தேன், வேறு வழி?

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லி, அவளுடைய புள்ளியைப் பதினெட்டாக மாற்றினேன். "ஏன் சேர் ரெண்டைக் குறைச்சனீங்கள்?" என்று உடனே கேட்டாள்.

"மூண்டு வரியில எழுதினால் ஆருக்கு விளங்கும்? விளக்கி எழுதும்" என்றேன். அவள் படிவத்தைக் கிழித்துச் சன்னலுக்கு வெளியே போட்டாள், சோளகம் அள்ளிக்கொண்டு போனது.

பிறகு மற்ற ஐந்து பேரையும் பார்த்து, "உங்கள் ஒருத்தருக்கும் இது தெரியாதோ?" என்றேன்.

"தெரியும் சேர். எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" என்றான் ஒருவன்.

"பின்னை ஏன் கண்ணீர் எண்டு எழுதினனீங்கள்?"

"நீங்கள் அப்பிடித்தானே சேர் சொல்லித் தந்தனீங்கள். புள்ளி வேணுமெல்லோ."

வகுப்பே சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், கடல் நடுவே தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது, அது அவ்வளவு சிரிப்பாக இல்லை. பதினொரு வருடமாக எத்தனை பிள்ளைகள் அந்தக் கதையை என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டு, அதை மனதுக்குள் பூட்டி வைத்துவிட்டு, எனக்காகக் கண்ணீர் எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

அந்தப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறாள். நான் இன்னும் குறியீட்டுப் பைத்தியம்தான், அது மாறவில்லை. ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் என் விளக்கத்தைத் தொடங்க முன், "உங்கட வீட்டில இது எப்பிடி?" என்று ஒருமுறை கேட்டுவிடுகிறேன். தங்கள் வீட்டில் நடப்பது இலக்கியத்தில் எழுதத் தகுந்ததில்லை என்று இனி ஒரு பிள்ளையும் என் வகுப்பிலிருந்து நினைத்துக்கொண்டு போகக் கூடாது.