அனந்தமதி டீச்சரின் நாற்பது சாயங்காலங்கள்

அனந்தமதி டீச்சருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. செஞ்சியில் பால்வாடி நடத்திக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடும்; கால் நின்றால் கை முந்தானையை முறுக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத்தான் தலைவலி.

வகுப்பு என்றது 1966இல் திண்டிவனம் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நடந்த பயிற்சி. குடியை விட முடியாமல் தவிப்பவர்களுக்குத் துணை நிற்க ஊழியர்களைத் தயார் செய்தார்கள். சனிக்கிழமைதோறும் போக வேண்டும். செஞ்சியிலிருந்து போனது இரண்டே பேர்: டீச்சரும், கம்பவுண்டர் அரிகிருஷ்ணனாகிய நானும். நான் போனது சர்டிபிகேட்டுக்காக. அதில் எனக்கு வெட்கமில்லை, அன்றைக்கு.

முதல் வகுப்பில், ஏன் வந்தீர்கள் என்று பாடம் நடத்திய டாக்டரம்மா ஒவ்வொருவரையும் கேட்டார். டீச்சர் எழுந்து நின்றார். "எங்க வீட்டுக்காரர் குடிச்சே செத்தார். ஊருக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னோம். ஜைன வீடு, வெளிய சொல்ல முடியுமா? அவர் குடிக்கிறப்ப நான் பக்கத்து ரூம்ல சும்மா உக்காந்திருந்தேன்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இதையெல்லாம் நாலு பேர் முன்னால் போட்டு உடைப்பார்களா?

மதுவிலக்கு இருந்த காலம். குடித்தேன் என்று வாய் திறந்தாலே போலீஸ் வரும் என்று ஜனங்கள் பயந்தார்கள். அதனால் கேட்டதை வெளியே சொல்லாதே என்பதுதான் முதல் பாடம். புத்தி சொல்லாதே, சத்தியம் வாங்காதே என்பது அடுத்தது. கடைசியாக, அந்த ஆளுக்கு எது கெட்ட நேரமோ அந்த நேரத்தில் பக்கத்தில் இரு. ஆளுக்கொரு நோயாளி, நாற்பது நாள். தினமும் போய்ப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

எனக்கு வண்டிக்காரர் கோவிந்தசாமி. டீச்சருக்கு மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கும் தங்கராசு. அவருடைய வீங்கிய வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டரம்மா, "இன்னொரு முறை குடிக்க ஆரம்பித்தால் இந்த ஆள் பிழைக்கமாட்டார்" என்று டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டீச்சருக்குத் தூக்கம் போயிற்று.

தங்கராசுவுக்குக் கெட்ட நேரம் சாயங்காலம். ராஜகிரி மலை மேல் வெயில் மங்கியதும் கை நடுங்க ஆரம்பிக்கும். டீச்சர் சாப்பிட வேண்டிய நேரமும் அதுதான். ஜைனர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள். டீச்சர் தண்ணீர்கூடத் தொடமாட்டார். பால்வாடியை மூடிவிட்டு நேரே தங்கராசு குடியிருந்த காலனிக்கு ஓடி, எட்டு மணிக்கு வீடு திரும்பினால் அன்று பட்டினி. அங்கே சோற்றைக் கொண்டுபோய்த் தனியாகச் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை.

தங்கராசுவின் மனைவி காத்தாயி தினமும் விளக்கேற்றியதும் ஒரு சொம்பு தண்ணீர் நீட்டுவார். டீச்சர் வேண்டாம் என்பார். நாலாம் நாள் காத்தாயி கேட்டே விட்டார்.

"எங்க வூட்டுத் தண்ணி ஆவாதா டீச்சரம்மா? சொல்லிட்டா நான் ஏன் குடுக்கறேன்?"

"ஐயோ, அதில்லம்மா. பொழுது போயிட்டா எங்க வீட்லயும் எதையும் வாயில வைக்கமாட்டேன்."

காத்தாயி நம்பவில்லை. அதில் தப்பும் இல்லை. அந்தத் தெருவுக்கு வந்தவர்கள் எத்தனையோ சாக்குச் சொன்னவர்கள்தான். மறுநாள் டீச்சர் பால்வாடியை நாலு மணிக்கே மூடிவிட்டு, நல்ல வெயிலில் போய் நின்று, "இப்ப குடு" என்றார். பொரியும் வெல்லமும் தண்ணீரும் வந்தன. டீச்சர் சாப்பிட்டார். "நைனாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு பயம், கம்பவுண்டர்" என்று என்னிடம் சொன்னார். நைனாவுக்குத் தெரிந்தது. ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. டீச்சரும் போவதை நிறுத்தவில்லை.

தங்கராசு இதையெல்லாம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நானா? கோவிந்தசாமியை நாலு நாள் போய்ப் பார்த்தேன். பிறகு வீட்டிலிருந்தே எழுதினேன்: 'நோயாளி நிதானமாக இருக்கிறார்.' முத்து முத்தான கையெழுத்து. டாக்டரம்மா என் நோட்டை வகுப்பில் எல்லோருக்கும் காட்டிப் பாராட்டினார்.

முப்பத்தெட்டாம் நாள் சனிக்கிழமை, அமாவாசை. வகுப்பு முடிந்து வந்தால் செஞ்சிக்கு பஸ் இல்லை. எல்லாம் அமாவாசைக் கூட்டத்துக்காக மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷலாகப் போய்விட்டன. டீச்சர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். "கம்பவுண்டர், மணி இன்னா?" இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம். நான் இரண்டு வடை தின்றேன். அவர் எதையும் தொடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு லாரி கிடைத்தது. செஞ்சியில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. டீச்சர் ஓடினார், திட்டிக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

காத்தாயி வாசலில் நின்றிருந்தார்.

"தங்கராசு?" டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

"உள்ள இருக்குது. ரெண்டு பேரு பாட்டிலோட வந்தானுங்க டீச்சரம்மா. இது இன்னா சொல்லிச்சி தெரியுமா? பொழுது பூட்ச்சி, வாயில ஒன்னும் வைக்கமாட்டேன்னுடுச்சி."

தங்கராசு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வேர்வை, பல் தந்தியடித்தது. ஆனால் குடித்த வாடை இல்லை.

"நான் உங்கள அப்படி இருக்கச் சொல்லலயே" என்றார் டீச்சர்.

"சொல்லல. எனக்காவ பட்டினி கெடந்தீங்க இல்ல? பதினஞ்சு நாளா நானும் பொழுதோட சாப்ட்டு வாயக் கட்டிட்டேன். சோறே வாணாம்னு இருக்கறவனுக்கு சாராயம் இன்னாத்துக்கு?"

டீச்சர் மண் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அப்போது தங்கராசு என்னைப் பார்த்தார்.

"கம்பவுண்டர் சார், உங்க ஆளு கோவிந்தசாமி எப்டி இருக்காரு?"

"நல்லா இருக்கார்" என்றேன், யோசிக்காமல்.

"நேத்து மண்டி வாசல்ல வுழுந்து கெடந்தாரே? நான்தான் தூக்கினு போய் அவுங்க வூட்ல வுட்டேன்."

நேற்றைய தேதியிலும் 'நிதானமாக இருக்கிறார்' என்று நான் எழுதியிருந்தது டீச்சருக்குத் தெரியும். காலையில் வகுப்பில் என் நோட்டைப் பார்த்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் ஞாயிறு. நாலு மணிக்கு என் வீட்டு வாசலில் செருப்புச் சத்தம், இங்குமங்குமாக. எட்டிப் பார்த்தேன். கையில் பொரிப் பொட்டலத்தோடு டீச்சர் நடந்துகொண்டிருந்தார்.

"கிளம்புங்க. பொழுது இருக்கறப்பவே கோவிந்தசாமி வீட்டுக்குப் போயிடலாம்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.