அக்கா போட்ட பந்து

என் கடைசி கிரிக்கெட் ஆட்டம் முடிந்து கண்டி மைதானத்தை விட்டு வெளியே வந்தேன். மழையில் நனைந்த டென்னிஸ் பந்து ஒன்று காலடிக்கு உருண்டு வந்தது. அதன் ஈர வாசனையில் நாங்கள் வளர்ந்த நகரசபைக் குவார்ட்டர்ஸின் ஒடுங்கிய சந்து நினைவுக்கு வந்தது. அங்கேதான் அக்கா எனக்குப் பந்து போடுவாள். நனைந்த பந்து கல்லாக முழங்காலில் விழும்.

"கண்ண மூடாதடி!" என்று கத்துவாள்.

கொழும்பில் நடந்த அணித் தேர்வுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். அம்மா படுக்கையில் இருந்தார்.

"ரெண்டு பேரும் போனா அம்மாவ யாரு பாக்குறது?" என்றார் அப்பா.

அக்கா தான் ஆடப் போடும் சப்பாத்தை என்னிடம் நீட்டினாள். "நீ போ. நான் அடுத்த வருசம் வாரேன்."

அடுத்த வருடம் அவளைத் தெல்தெனியவில் கட்டிக்கொடுத்தார்கள். நான் நாட்டுக்காக ஆடினேன்.

"உங்களுக்கு ரொம்ப வேகமா பந்து போட்டது யாரு?" என்று மைதான வாசலில் நின்ற நிருபர் கேட்டார்.

"எங்க அக்கா" என்றேன்.

பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார்.