வரதட்சிணை வேண்டாத மாப்பிள்ளை

எங்கள் வீட்டுத் தொலைபேசி இணைப்பு போனது அத்தையால்தான் என்று குடும்பத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு எரிச்சல் வரும். திருடியவன் வேறு. அவனுக்கு முகமும் இல்லை, விலாசமும் இல்லை. செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தில் நான்கு வரி இடம் வாங்கியிருந்தான், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் கேரளத்தில், பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கம். களியக்காவிளைச் சந்தைக்கு நடந்தே போய் மீன் வாங்கி வருவோம். ஆனால் அங்கே போன் போட வேண்டுமென்றால் அது வேறு மாநிலம். முன்னால் கூடுதலாகச் சில எண்களை அழுத்த வேண்டும், காசும் கூடுதல். அதனால் பழக்கமில்லாத எண்களில் தொடங்கும் நம்பர் எதைப் பார்த்தாலும் எங்கள் ஆட்கள் 'அந்தப் பக்கத்து நம்பர்' என்று சொல்லிவிடுவார்கள். அத்தையும் அப்படித்தான் நினைத்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. வயது முப்பத்தாறு. எங்கள் வீட்டின் பின்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கென்று தாத்தா நாற்பது ரப்பர் மரம் நிற்கும் நிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் செத்தார். அதில் பால் வெட்டியது அப்பா. அந்தக் காசில்தான் அவருடைய ரப்பர் ஷீட் வியாபாரம் நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் சாயா குடித்து, மிக்சர் தின்று, எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்பார்கள். அப்பா கையை விரிப்பார். பிறகு சொல்லுதோம் என்று எழுந்து போவார்கள். எனக்கு மிச்ச மிக்சர் கிடைக்கும். அதனால் அவர்கள் வருவது எனக்குப் பிடிக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அந்த விளம்பரம் வந்தது. களியக்காவிளையிலிருந்து யாரோ தைக்கக் கொடுத்த துணியைச் சுற்றிவந்த தமிழ்ப் பேப்பர். ஊசியும் நூலுமாக இருந்து அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. பொடி எழுத்து தெரியாது.

"மக்கா, இத கொஞ்சம் வாசிச்சுக் குடு. அத்த உனக்கு கவுனுக்கு லேஸ் வச்சுத் தாறேன்."

வாசித்தேன். கிறிஸ்தவ மாப்பிள்ளை, வயது நாற்பத்தொன்று, அரசு வேலை, மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை, வரதட்சிணை வேண்டாம், உடனே அழைக்கவும். கடைசிக்கு முந்திய சொற்களைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்தேன். இன்னொரு தடவையும் கேட்டாள்.

"அடியில பொடிசா என்னமோ கெடக்கே, அது என்ன?"

அது ஆங்கிலம். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம்.

"அது பேப்பர் அச்சடிச்ச ஆளுக்க பேராக்கும்," என்றேன்.

அப்பா ஷீட் எடுக்க அம்பூரிப் பக்கம் போய்விடுவார். அம்மா நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். பதினொரு மணிக்கு வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தை முகம் கழுவி, பவுடர் போட்டு, சர்ச்சுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எண்களை நான் அழுத்தினேன்.

"போனுல சேல தெரியுமா அத்தே?"

"நீ வாயப் பொத்திட்டு இரு."

ஒரு பெண் குரல் வந்தது. மெதுவான, மரியாதையான குரல். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், வயதைச் சொல்லுங்கள், சபையைச் சொல்லுங்கள், என்ன படித்திருக்கிறீர்கள், என்னென்ன வேலை தெரியும். கேள்விக்குக் கேள்வி நீண்ட இடைவெளி. அத்தை ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். தைக்கத் தெரியும், பாட்டு தெரியும், மீன் கறி நல்லா வைப்பேன். பிறகு மாப்பிள்ளை வீட்டாருடன் இணைக்கிறோம், காத்திருங்கள் என்றது. பாட்டு போட்டார்கள். அத்தை காத்திருந்தாள். வெகு நேரத்துக்குப் பிறகு லைன் அறுந்தது. மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும்.

ஒருநாள் நானும் ரிசீவரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். "அத்தே, இந்த அக்கா எல்லா நாளும் ஒரேமாதியாக்கும் பேசுதா. ஒரு எழுத்து மாறல்ல."

"அவளுக்கு வேல அதுல்லா மக்கா. நூறு பேருகிட்ட கேக்கணும்."

வீட்டில் யாரும் அத்தையிடம் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டதில்லை. பித்தான் பிஞ்சிருக்கு, தைச்சுக் குடு என்பார்கள். அந்த விடுமுறையில் நான் பார்த்த அத்தை வேறு ஆள். பாடிக்கொண்டே தைத்தாள். தன் காசில் இருபது ரூபாயை அப்பாவிடம் நீட்டி, அந்தப் பக்கம் சில போன் போட்டேன் அண்ணா என்றாள். அப்பா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

பள்ளி திறந்து மழை பிடித்தபின் பில் வந்தது. வழக்கத்தைவிட இருபது மடங்கு. அப்பா அதை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்தவர் கணக்கை எடுத்துக் காட்டினார். ஒரே நம்பர், தினமும் பதினொரு மணி. அது எந்த ஊர் நம்பரும் இல்லை. அதில் பேசினால் நிமிஷத்துக்குத் தனி விலை. விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள், கீழே பார்த்தீர்களா என்று கேட்டாராம். போன் உங்களுடையது, காசு நீங்கதான் அடைக்கணும் என்றாராம். அந்த ஆபீஸ் ஆளை எனக்கு இப்போதும் நாலு வார்த்தை கேட்க வேண்டும். பார்க்கவே முடியாதபடி எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா என்று கேட்பது என்ன நியாயம்?

அப்பா நனைந்துகொண்டு வந்தார். அம்மாவையும் அத்தையையும் என்னையும் வரிசையாக நிறுத்தினார்.

"இந்த நம்பருக்கு ஆரு விளிச்சது?"

"நான்தான் அண்ணா," என்றாள் அத்தை. "தையல் மிஷின் ஒண்ணு விக்க உண்டுண்ணு பேப்பர்ல கெடந்து. மோட்டார் வச்சது. அதுக்காக்கும்."

"ஒரு மிஷினுக்கு ரெண்டு மாசமா விளிச்ச?"

"காத்திருக்கச் சொல்லும், பின்ன லைன் அறுந்துபோவும். அதான் பின்னயும் பின்னயும் போட்டேன்."

அப்பா கத்தினார். மண்டையில் களிமண் என்றார், தண்டச்சோறு என்றார். அத்தை தலையைக் குனிந்து நின்றாள். மெல்ல அவர் குரல் இறங்கியது. அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள். சவம், போவட்டும், இனி ஒருத்தரும் அந்தப் போனைத் தொடப்படாது என்று சொல்லி அவர் தலையைத் துவட்டத் தொடங்கினார். முடிந்திருந்தது. அதோடு முடிந்தே போயிருக்கும்.

நான் சொன்னேன்: "மிஷின் இல்லப்பா. மாப்பிள. வரதட்சிணை வேண்டாத மாப்பிள."

ஞாயிறு பள்ளியில் பொய் சொன்னால் நரகம் என்று சொல்லியிருந்தார்கள். அத்தை நரகத்துக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

அப்பா துண்டைக் கீழே போட்டார். "எட்டி, ஆரு உனக்கு இந்தப் பொய்யச் சொல்லித் தந்தது?" என்று என் கையைப் பிடித்து இழுத்து அடிக்க ஓங்கினார். அம்மாவும், அறிவுகெட்ட பிள்ளே, அத்தையப் பத்தி எப்படிச் சொல்லுதா பாரு என்றாள்.

அத்தை ஒன்றும் பேசாமல் நின்றிருந்தால் போதும். பிள்ளை எதையோ தப்பாக வாசித்தது என்றிருந்தால் போதும். எனக்கு இரண்டு அடி விழுந்திருக்கும், அவள் தப்பியிருப்பாள்.

"பிள்ளைய விடு அண்ணா. அது சொன்னது உள்ளதாக்கும்."

அப்பா கையை இறக்கினார். போனதெல்லாம் எனக்க மானமாக்கும், ஊருல ஆருக்கெல்லாம் தெரியும், பிச்ச எடுத்தியா மாப்பிளைக்கு என்று கேட்டார். ரப்பர் மரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அத்தையும்தான். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

பில் கட்டப்படவில்லை, இணைப்பு போயிற்று. எட்டு மாதம் கழித்து அத்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனாள். கடைசிவரை கல்யாணம் செய்யவில்லை. அந்த நாற்பது மரத்தின் பாலில்தான் நான் நர்சிங் படித்தேன். இதையும் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை.

பில் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிறு பள்ளியில் டீச்சர், இந்த வாரம் யார் தைரியமாக உண்மை பேசினீர்கள் என்று கேட்டாள். நான் கை தூக்கினேன். எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். விளம்பரம், பவுடர், சேலை, மாப்பிள்ளை. உண்மை சொன்னதால் அப்பா என்னை அடிக்கவில்லை என்று முடித்தேன். முப்பது பிள்ளைகள் கேட்டார்கள். டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டு எல்லாரையும் கைதட்டச் சொன்னாள். அரைச்சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த அறையில் பாடகர் குழு பாட்டு பழகக் கூடியிருந்தது. அத்தை அங்கேதான் இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை சர்ச்சுக்கு வரவில்லை. தலைவலி என்றாள். நான் நம்பினேன். லேஸ் வைத்த கவுனைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.