தண்ணீர் கொடுக்க வந்தவர்

அகஸ்ரினாவைப் பற்றி எழுத இந்த ஊரில் மிகக் குறைந்த தகுதி உள்ளவன் நான்தான். இருந்தும் எழுதுகிறேன். அவரைப் பற்றிக் கதைக்க வேண்டியவர்கள் எல்லாரும் இரண்டு வருசமாக வாய் ஓயாமல் கதைத்துவிட்டார்கள். அதில் அரைவாசி பொய், மிச்சம் வீம்பு. வீம்பில் பெரும் பங்கு என்னுடையது.

என் பெயர் றமீஸ். மன்னார் பசாரில் பிளெக்ஸ் பனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பஹ்மிதா எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் விளையாடினாள். அந்த அணிக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர்தான் அகஸ்ரினா. இருந்தார் என்று நான் சொல்கிறேன். கல்லூரி அலுமாரியில் கிடக்கிற கடிதம் வேறு மாதிரிச் சொல்கிறது.

அவர் பக்கத்து ஊரான தோட்டவெளி ஆள். தொண்ணூறாம் ஆண்டு, இரண்டு வயதில், தாய் தகப்பனோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர். திண்டுக்கல் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்தார். பக்கத்தில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே கூடைப்பந்து மைதானமும் இருந்தது. மாவட்ட அணி வரைக்கும் விளையாடியவர். இருபத்தாறு வயதில் ஊர் திரும்பியபோது ஒரு பொலித்தீன் பைக்குள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தாளும் விளையாட்டுச் சான்றிதழ்களும் கொண்டுவந்தார். இங்கே அந்தப் பை ஒன்றுக்கும் உதவவில்லை. பசாரில் ஒரு புடவைக்கடையில் துணி வெட்டும் வேலைதான் கிடைத்தது.

வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் கல்லூரி மைதானம். வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஒருநாள் பொறுக்க முடியாமல், பந்தோடு இப்படியா நிற்கிறது, கால் தவறு என்று ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். உள்ளே நின்ற விளையாட்டு ஆசிரியர் விசுவலிங்கம் சேருக்கு அது கேட்டுவிட்டது.

சேர் உதைபந்தாட்டக்காரர். முப்பது வருசமாக இந்த ஊர்ப் பெடியன்களுக்கு உதைபந்து பழக்கியவர். கூடைப்பந்தையும் கல்லூரி அதிபர் அவர் தலையில் கட்டிவிட்டார். அதில் சட்டப் புத்தகத்தைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"உமக்குத் தெரியுமெண்டா உள்ளுக்கு வந்து காட்டும், பிள்ளை," என்றார்.

அப்படித்தான் அகஸ்ரினா உள்ளே போனார். நியமனக் கடிதம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சேரை சேர் என்றார்கள், இவரை அக்கா என்றார்கள்.

முதல் மூன்று மாதம் ஒரு பிள்ளையையும் கூடைக்குப் பந்து எறிய விடவில்லை. ஓடு, நில், திரும்பு, இவ்வளவுதான். பஹ்மிதா வீட்டுக்கு வந்து அழுவாள். பிறகு எறியப் பழக்கினார். எங்கள் மைதானம் திறந்தவெளி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேலே போன பந்து எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. உயர எறியாமல் பலகையில் அடித்து விழுத்தப் பழக்கியவர் அவர்தான். வெளியூர் அணிகள் இங்கே வந்து காற்றைத் திட்டிக்கொண்டு தோற்றுப் போயின. இரண்டு வருசத்தில் மாகாணப் போட்டி வரைக்கும் போனோம்.

வெற்றி வந்தால் பங்கு கேட்கவும் ஆட்கள் வருவார்கள்தானே. பழைய மாணவர்கள் ஒரு வாட்ஸப் குறூப் தொடங்கினார்கள். நூற்றி நாற்பது பேர். அதில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்கள் முப்பது பேர் தேறமாட்டார்கள். தோஹாவில் இருந்து முனவ்வர் நான்கு நிமிசக் குரல்பதிவு அனுப்புவார், மைதானத்தின் எந்தப் பக்கம் கூடை இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. அங்கே நடந்த வாதம் ஒன்றே ஒன்றுதான். உதவிப் பயிற்றுவிப்பாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

ஒரு கட்சிக்கு ஓட்டோ அன்ரனி தலைவர். சேரிடம் உதைபந்து பழகியவன், சேரை ஒரு சொல் சொன்னால் பாய்ந்து விழுவான்.

"அவ என்ன செய்யிறா? போத்தில் தூக்குறா, துவாய் குடுக்கிறா, தண்ணி குடுக்கிறா. பிளான் போடுறது சேர்," என்று எழுதுவான்.

மற்றக் கட்சிக்கு நான் தலைவன். ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதைப்பது யார், யாரை இறக்குவது என்று தீர்மானிப்பது யார் என்று திருப்பிக் கேட்பேன். கடைக்கு வந்த ஆட்கள் பனருக்குக் காத்திருக்க, நான் போனைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் யாரோ, "இந்தியாவில இருந்து வந்தவ எங்கட சேருக்குப் படிப்பிக்கிறாவோ" என்று போட்டார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அதே தொண்ணூறில்தான் புலிகள் முஸ்லிம்களான எங்களையும் இந்த மன்னார்த் தீவை விட்டு அனுப்பினார்கள். புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தபோது எங்களுக்கும் "வந்தவங்கள்" என்றுதான் பெயர். அன்றிலிருந்து அகஸ்ரினாவின் வழக்கை என் வழக்காக எடுத்துக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருக்கு இந்தச் சண்டையே பிடிக்காது. என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். "சேர் இல்லாட்டி நான் வேலிக்கு வெளியதான் நிண்டிருப்பன். விடுங்கோ நானா," என்பார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கல்லூரிப் பதிவேட்டில் உதவிப் பயிற்றுவிப்பாளர் என்று தன் பெயர் ஏற வேண்டும். அதற்குப் பயிற்றுவிப்பாளர் பாடநெறி முடிக்க வேண்டும். பாடநெறிக்கு எடுபட, இந்திய மதிப்பெண் தாள் இங்கத்தைய சாதாரண தரப் பரீட்சைக்குச் சமம் என்று கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோர் கடிதம் தர வேண்டும். மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாலாவது முறை போட்டுவிட்டுக் காத்திருந்தார். பதிவில்லாமல் அணியைப் பழக்குவது சட்டப்படி பிழை, அதுவரைக்கும் சத்தமில்லாமல் இருந்துவிட்டால் போதும் என்பது அவருடைய கணக்கு. சேரும் அதைத் தெரிந்துதான் எல்லாப் படிவத்திலும் தன் பெயரை மட்டும் போட்டு வந்தார்.

போன வருசம் மாகாண இறுதிப் போட்டி. எதிர் அணி பெரிய கல்லூரி, ஐந்து வருசமாகக் கிண்ணத்தை விடாதவர்கள். நாற்பது செக்கன் இருக்கும்போது புள்ளி சமன். அகஸ்ரினா எழும்பிக் கோட்டருகே வந்து, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி இரண்டு கையாலும் சைகை காட்டி நேரம் கேட்டார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், அவர் குந்தியிருந்து நிலத்தில் விரலால் ஏதோ கீறிக் காட்டினார். பஹ்மிதா பந்தைக் கொண்டுபோய்த் தான் எறியப்போவதுபோலக் காட்டி ஜெஸ்லியாவுக்குக் கொடுத்தாள். ஜெஸ்லியா பலகையில் அடித்தாள். இரண்டு புள்ளியால் வென்றோம். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அகஸ்ரினா கை காட்டி நேரம் கேட்கும் அந்தக் கணம் என் போனில் படமாக இருந்தது.

அன்று பின்னேரமே குறூப்பில் அன்ரனி வாழ்த்துப் போட்டான். சேருக்கு மாலை, சேருக்குப் பொன்னாடை, சேருக்கு நூறு கைதட்டல். அகஸ்ரினாவின் பெயர் இல்லை. நான் கடையைத் திறந்து மெசினைப் போட்டேன்.

எங்கள் ஊர்ப் பனருக்கு ஒரு முறை உண்டு. என் தொழிலே அதுதான். மேலே அதிபரின் தலை, அதற்குச் சமமாக அதிகாரிகளின் தலை, அடுத்தது பொறுப்பாசிரியர், கடைசியில் வென்ற பிள்ளைகள் பொட்டுப் பொட்டாக. யாருடைய தலை யாருடையதைவிடப் பெரிது என்பதில் ஊரில் குடும்பமே பிரிந்திருக்கிறது. இருபது வருசமாக அந்த அளவு பிசகாமல் அடித்தவன் நான். அன்றைக்கு வேண்டுமென்றே பிசகினேன். அகஸ்ரினா நேரம் கேட்கும் படத்தை ஆளுயரத்துக்குப் பெருப்பித்தேன். "வெற்றியின் பயிற்றுவிப்பாளர்" என்று கீழே போட்டேன். உதவி என்ற சொல்லே இல்லை. சேரின் தலையை மூலையில் முத்திரை அளவுக்கு வைத்தேன். பசார் சந்தியில் கட்டி, பேஸ்புக்கிலும் ஏற்றினேன். அன்ரனி பார்த்து எரியட்டும் என்ற எண்ணம் ஒன்றைத் தவிர எனக்குள் வேறு எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் காலமை, வேலைக்குப் போக முதல், அகஸ்ரினா கடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நானா, அதைக் கழட்டுங்கோ."

"ஏன் தங்கச்சி, உண்மையைத்தானே போட்டிருக்கிறன்?"

"உண்மை எண்டபடியாத்தான் சொல்லுறன்."

நான் சிரித்தேன். ரெண்டு நாள் தொங்கட்டும் என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

மூன்றாம் நாள் எதிர்க் கல்லூரி முறைப்பாடு கொடுத்துவிட்டது. பதிவில்லாத ஒருவர் அணியின் வாங்கில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினார், வெற்றியை ரத்துச் செய்யவேண்டும் என்று. ஆதாரமாக என் படத்தையே அச்செடுத்து இணைத்திருந்தார்கள், பனரின் எழுத்தோடு. சட்டம் அவர்கள் பக்கம்தான். விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை, ஒரு வழி சொன்னார். அந்தப் பெண் பயிற்சி கொடுப்பவர் அல்ல, பெற்றோர் சார்பில் உதவிக்கு வந்தவர் என்று அவரே எழுதித் தந்தால், கவனக்குறைவு என்று எச்சரித்து விட்டுவிடலாம். பிள்ளைகள் கொழும்புக்கு, அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம்.

அதிபரின் அறையில் கூடினோம். அதிபர், சேர், அகஸ்ரினா, பெற்றோர் சார்பில் நான். கடிதத்தைச் சேர் எழுதி வைத்திருந்தார். எனக்குக் கூடைப்பந்தாட்டத்தில் எவ்விதப் பயிற்சியும் இல்லை, இக்கல்லூரி அணிக்கு எக்காலத்திலும் பயிற்சி அளித்ததும் இல்லை, அன்றைய தினம் மாணவிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக மட்டுமே வந்தேன். அகஸ்ரினா இரண்டு முறை வாசித்தார்.

"எக்காலத்திலும் எண்டு இருக்கு சேர். அண்டைக்குப் பயிற்சி குடுக்கேல்ல எண்டு மட்டும் போடலாமோ?"

"அப்பிடிப் போட்டா மற்ற நாளில குடுத்ததோ எண்டு கேப்பினம், பிள்ளை." சேர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ர கையெழுத்தில எழுதோணுமோ?"

"ஓம். அப்பதான் நம்புவினம்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முழுவதையும் தன் கையால் எழுதினார். ஒரு சொல்லும் வெட்டாமல், வடிவான எழுத்தில். நான் பக்கத்தில் இருந்தேன். குறூப்பில் அவருக்காக ஆயிரம் வரி எழுதிய நான், அங்கே வாயே திறக்கவில்லை. என் மகள் கொழும்புக்குப் போகவேண்டும், அதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

இரண்டு நாளில் கடிதத்தின் படம் குறூப்புக்கு வந்துவிட்டது. "அவவே எழுதிக் குடுத்திருக்கிறா, இனி என்ன கதை" என்று போட்டார்கள். என் கட்சிக்காரர் ஒவ்வொருவராகக் குறூப்பை விட்டுப் போனார்கள். அன்ரனி அதில் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தனியாக அழைத்தான்.

"நானா, நான் சண்டைக்குத்தான் அப்பிடிக் கதைச்சனான். அவதான் கோச் எண்டு எனக்குத் தெரியாதோ?"

தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அகஸ்ரினா மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை, கொழும்புக்கும் போக முடியவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்தாலும் யாராவது படம் எடுப்பார்கள் என்று சேர் மறித்துவிட்டார். முதல் ஆட்டத்திலேயே இருபத்தெட்டுப் புள்ளியால் தோற்றோம். பஹ்மிதா ஒவ்வொரு முறையும் வாங்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாளாம். சேர் அங்கே சட்டப் புத்தகத்தோடு இருந்தாராம். குறூப்பில் அன்றிரவே தொடங்கிவிட்டார்கள், தோல்விக்குக் காரணம் உதவிப் பயிற்றுவிப்பாளர் இல்லாததா என்று. அப்படி ஒருவர் எப்போதும் இருந்ததில்லையே என்று முனவ்வர் நான்கு நிமிசம் விளக்கினார்.

இந்த வருசம் மாசி மாதம் அகஸ்ரினாவின் சமநிலைக் கடிதம் கொழும்பில் இருந்து வந்து சேர்ந்தது. நாலாவது விண்ணப்பத்தில் ஒரு தாளும் குறையவில்லை. பாடநெறி விண்ணப்பத்தில் ஒரு பாடசாலை அணிக்கு மூன்று வருசம் பயிற்சி அளித்த அனுபவத்தை அதிபர் உறுதிப்படுத்த வேண்டும். அகஸ்ரினா ஐந்து வருசம் செய்தவர். அதிபர் அலுமாரியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாராம். "எக்காலத்திலும் இல்லை எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். இனி நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?" அவரிலும் பிழை சொல்ல முடியாது. வைத்தால் போன வருச வெற்றி மறுபடி கிளறப்படும். சேர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார், போனை எடுப்பதில்லை.

இதைப் பஹ்மிதா சொல்லித்தான் அறிந்தேன். புடவைக்கடைக்குப் போனேன். அகஸ்ரினா ஆட்களுக்கு நடுவே நின்று சீருடைத் துணி அளந்துகொண்டிருந்தார். வருசத் தொடக்கம், நெருக்கம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"தங்கச்சி, நான் குறூப்பில போட்டு ஆக்களைச் சேர்க்கிறன். எல்லாரும் கையெழுத்து வைச்சு ஒரு மனு குடுப்பம். நீங்கள்தான் பழக்கினதெண்டு ஊருக்கே தெரியும்."

அவர் கத்தரிக்கோலைத் துணியில் ஓடவிட்டு, வெட்டி முடித்து, மடித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"வேண்டாம் நானா," என்றார். "நீங்களும் அன்ரனியின்ர பக்கம் நிண்டிருந்தா, இண்டைக்கும் நான் கிறவுண்டிலதான் நிண்டிருப்பன்."

பிறகு எனக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் எத்தனை மீற்றர் வேண்டும் என்று கேட்டார்.