காய்ச்சல் 'லேசா' என்றால் எவ்வளவு?

1. எல்லாம் பச்சை

போனை எடுத்ததும் டாக்டர் கார்மேகம் கேட்ட முதல் கேள்வி, "உங்க சிஸ்டம் என்ன தூங்குதா?" என்பதுதான்.

சமயநல்லூர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் பொது மருத்துவர். நான் மதுரையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அந்த வார்டுகளில் ஓடிக்கொண்டிருந்த எச்சரிக்கை சிஸ்டம் நான் எழுதியது. நோயாளியின் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றை நர்சுகள் டேப்லெட்டில் பதிவார்கள். ஏதாவது ஒன்று எல்லை தாண்டினால் நர்ஸ் மேசைத் திரையில் அந்தப் படுக்கை எண் சிவப்பாகும், பஸ்ஸர் அடிக்கும். தாண்டாவிட்டால் பச்சை.

செல்லூரில் என் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வார்டில் இருந்த ஒரு பெண்ணுக்கு உள்ளே தொற்று பரவியிருக்கிறது. நிலைமை மோசமாகிக்கொண்டே போயும் திரை பச்சையாகவே இருந்திருக்கிறது. வார்டு பொறுப்பில் இருந்த ஜெசிந்தா சிஸ்டர்தான் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

"கை ஜில்லுனு இருந்துச்சு மேடம். முகமும் சரியில்ல," என்றார் ஜெசிந்தா சிஸ்டர். "ஸ்கிரீனைப் பாத்தா பச்சை. நம்மதான் தப்பாப் பாக்குறோமோன்னு கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அப்படி நின்னதுதான் இன்னும் உறுத்துது."

சிஸ்டம் பேசாமல் இருந்தது மட்டும் இல்லை, பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தயங்கவும் வைத்திருக்கிறது.

பதிவுகளைத் திறந்து பார்த்தேன். காய்ச்சல் 101 தாண்டினால் எச்சரிக்கை என்பது விதி. அவருக்கு 100.8. நாடிக்கு எல்லை 110, அவருக்கு 108. மூச்சும் ரத்த அழுத்தமும் அதே கதைதான், எல்லைக்கு ஒரு நூல் இந்தப் பக்கம். ஒவ்வொரு விதியும் தன் கேள்வியை மட்டும் கேட்டு, 'தாண்டவில்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. நாலும் ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில் மோசமாகியிருப்பதைப் பார்க்க அங்கே எந்த விதியும் இல்லை.

எங்கள் கம்பெனி முதலாளி மணிவண்ணன் சாருக்கு விஷயம் எளிதாகப் பட்டது. "லிமிட்டக் குறைச்சு விட்ரு சரளா. வேலை முடிஞ்சுச்சு."

"முன்னாடி குறைவாத்தானே சார் வச்சிருந்தோம்? பஸ்ஸர் மேல பிளாஸ்திரி ஒட்டி வச்சிருந்தாங்களே, மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. ஆரம்பத்தில் எல்லைகளைத் தாழ்வாக வைத்திருந்தோம். பஸ்ஸர் நாள் முழுக்க ஓயாமல் அடித்தது. சும்மா படி ஏறி வந்தவருக்கெல்லாம் நாடி எகிறிச் சிவப்பு விழுந்தது. ஒரு நாள் போய்ப் பார்த்தால், பஸ்ஸரின் ஓட்டை மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. அதன் பிறகுதான் எல்லைகளை உயர்த்தினோம். குறைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், உயர்த்தினால் அதுவே பேசாது. எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் இந்தச் சிக்கல் வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

2. திரை கண் சிமிட்டியது

ரூல் என்ஜின் என்பது 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று நாம் எழுதித் தரும் விதிகளை ஓட்டும் மென்பொருள். அதற்கு ஆம், இல்லை இரண்டு மட்டும்தான் தெரியும். 101.1 காய்ச்சல், 100.9 காய்ச்சல் இல்லை. ஃபஸி லாஜிக் என்ற முறையில் பதில் ஆம், இல்லைக்கு நடுவிலும் இருக்கலாம். 100.8 என்பது முக்கால்வாசி 'காய்ச்சல்', கால்வாசி 'சாதாரணம்' என்று அது எடுத்துக்கொள்ளும். நாலு அளவும் முக்கால்வாசி மோசம் என்றால், சேர்த்துப் பார்த்துக் குரல் கொடுக்கும்.

நாங்கள் பயன்படுத்திய ரூல் என்ஜினில் அந்த வசதி இல்லை. வெளியே வாங்கவும் வழியில்லை. ஒரு எக்ஸ்டென்ஷனாக, அதாவது கூடுதல் பகுதியாக, நானே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

எண்ணை 'எவ்வளவு காய்ச்சல்' என்று மாற்றும் ஃபங்ஷன்களை எழுதுவது பெரிய வேலையில்லை. அதை என்ஜினுக்குள் உட்கார வைத்ததில்தான் இடித்தது. சாதாரண விதி ஒன்று பொருந்தினால் ஓடும், பொருந்தாவிட்டால் ஓடாது. ஃபஸி விதிகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஓடும். ஒவ்வொன்றும் தன் பங்கைப் போட்டு முடித்த பிறகுதான் மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். என் முதல் வெர்ஷனில், ஒரு விதி தன் பங்கைப் போட்ட உடனேயே மொத்தம் கணக்காகிவிட்டது. அடுத்த விதி போட்டதும் மறுபடி கணக்கு. ஒரே நோயாளிக்குத் திரை பச்சை, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று கண் சிமிட்டியது. மணிவண்ணன் சார் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"என்னம்மா இது, சித்திரைத் திருவிழா சீரியல் செட்டு மாதிரி எரியுது?"

மொத்தம் போடும் விதியின் முன்னுரிமையை எல்லாவற்றுக்கும் கீழே இறக்கினேன். மற்றவை அனைத்தும் பேசி முடித்த பிறகு அது பேசும். திரை அமைதியானது.

அடுத்து, 'லேசா' என்றால் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். அதை நான் ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. டாக்டரையும் சிஸ்டரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். வகைகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தேன். ஜெசிந்தா சிஸ்டர்தான், "லேசா, நல்லா, ரொம்பன்னே போட்ருங்க மேடம். டியூட்டி மாறும்போது நாங்க அப்படித்தான் சொல்லிக்குவோம்," என்றார். அப்படியே மாற்றினேன்.

பெயரில் ஒத்துப்போனவர்கள் எண்ணில் ஒத்துப்போகவில்லை.

"நாடி தொண்ணூறெல்லாம் நார்மல்ங்க," என்றார் டாக்டர்.

"உங்களுக்கு நார்மல் டாக்டர். வயக்காட்டுல வேலை பாக்குற ஆளுக்குச் சும்மாவே அறுபதுதான் ஓடும். அவருக்குத் தொண்ணூறுன்னா நல்லா ஏறியிருக்குன்னுதான் அர்த்தம்."

"அப்ப ஆளுக்கு ஒரு ரூலா எழுதுறது? அது ஆகாது சிஸ்டர்." சொல்லிவிட்டு டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "சரளா மேடம், அட்மிஷன் அன்னைக்கு எடுத்த ரீடிங் உங்ககிட்ட இருக்கும்ல? அதுல இருந்து எம்புட்டு மாறியிருக்குன்னு பாக்க முடியுமா?"

முடியும். எண்ணோடு, அவரவர் வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதையும் ஒரு உள்ளீடாகச் சேர்த்தேன். சிஸ்டர் எழுப்பிய கேள்வி, டாக்டர் சொன்ன வழி. நான் தட்டச்சு செய்தேன்.

3. நிறுத்தச் சொன்னது

பழைய பதிவுகளைப் பெயர் நீக்கி வாங்கி ஓட்டிப் பார்த்தோம். பித்தப்பை ஆபரேஷன் நடந்த பெண்ணின் பதிவில், சிஸ்டர் கையைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்பே, 'டாக்டரைக் கூப்பிடவும்' என்று அர்த்தமுள்ள ஆரஞ்சு விழுந்தது. வீண் எச்சரிக்கைகளும் குறைந்திருந்தன. மணிவண்ணன் சார் மகிழ்ச்சியில் ஆபீசுக்கே ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். மருத்துவமனையில் புதுக் கட்டடம் திறக்கும் நாளன்று இதையும் தொடங்கி வைக்கலாம் என்று சேர்மனிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பழைய விதிகளைத் தூக்கிவிட்டுப் புதியதை மட்டும் ஓட்டுவதாகத் திட்டம்.

உண்மையான பதிவுகளில் எல்லாம் சரியாக வந்ததால், நானாகச் சில பொய் நோயாளிகளை உண்டாக்கிப் பார்த்தேன். அதில் ஒருவருக்கு எல்லா அளவும் பிரமாதம், ஆக்ஸிஜன் மட்டும் 82. அப்படி ஒருவரைப் பார்த்தால் டாக்டர் ஓடிவர வேண்டும். என் சிஸ்டம் மஞ்சள் காட்டியது. 'கவனிக்கவும்', அவ்வளவுதான்.

நான்கு நல்ல அளவுகள் ஒரு பயங்கரமான அளவைச் சமாதானப்படுத்திவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் முறையில் அது இயல்பு. லேசான நான்கு கெடுதல்களைப் பிடிக்க நான் கட்டிய வலையில், பெரிய கெடுதல் ஒன்று நழுவிப் போய்விடும். பழைய முரட்டு விதி இருந்திருந்தால் அலறியிருக்கும்.

மறுநாள் காலை மணிவண்ணன் சாரிடம் சொன்னேன்.

"பழைய விதிகளும் இருக்கணும் சார். உயிருக்கு ஆபத்தான எல்லைகளை மட்டுமாவது வச்சுக்கணும். அதுல ஒண்ணு தாண்டுச்சுன்னா ஃபஸி என்ன சொன்னாலும் சிவப்புதான். ரெண்டையும் சேத்து மறுபடி முழுசா டெஸ்ட் பண்ணணும். திறப்பு விழாவுக்கு ஆகாது."

"சேர்மன்கிட்ட என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது? மஞ்சளாவது காட்டுதுல்ல. ஓட விட்டுட்டு அப்புறம் சரி பண்ணு."

"மஞ்சளுக்கு யாரும் ஓட மாட்டாங்க சார்."

அவரிடம் கேட்டுவிட்டு, அவர் முன்னாலேயே டாக்டர் கார்மேகத்துக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்தான் பேசினோம். ஆக்ஸிஜன் 82-க்கு மஞ்சள்தான் காட்டுகிறது என்று சொன்னேன்.

"விழாவுக்கு ரிப்பன் வெட்ட நிறைய சாமான் இருக்கு," என்றார் டாக்டர். "இது மெதுவா வரட்டும். சேர்மன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

விழா எங்கள் சிஸ்டம் இல்லாமலே நடந்தது. மணிவண்ணன் சார் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே உட்கார்ந்து, யோசிக்க முடிந்த விபரீதமான நோயாளிகளையெல்லாம் உண்டாக்கி டெஸ்ட் செய்தார். நான் நினைத்துப் பார்க்காத இரண்டு ஓட்டைகளை அவர்தான் கண்டுபிடித்தார்.

4. வெற்றிலைக்காரர்

சிஸ்டம் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மத்தியானம் வேறு ஒரு வேலையாக அந்த வார்டில் இருந்தேன். ஒரு படுக்கை எண் ஆரஞ்சானது.

படுக்கையில் இருந்தவர் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். சர்க்கரை நோய், காலில் புண். புண் ஆறி வருகிறது என்று அன்றைக்கு டிஸ்சார்ஜ் எழுதியிருந்தார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி ஒயர் கூடையில் தட்டு, டம்ளரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா சிஸ்டர் அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல மேடம். ஆளு நல்லாத்தான் இருக்காரு," என்றார் மெதுவாக. ஆனாலும் டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் வந்து புண்ணைத் திறந்து பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, டிஸ்சார்ஜை நிறுத்தினார். மருந்தை மாற்றி டிரிப் போட்டார்கள். வெற்றிலைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொடிக்காலுக்குத் தண்ணி பாயணும். ஆளு இல்ல. கம்ப்யூட்டரு சொல்லுச்சுன்னு மனுசனப் புடிச்சு வைக்கிறீகளே, நல்லாவா இருக்கு?"

நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். சிஸ்டம் தவறாகச் சொல்லியிருந்தால், இந்த வார்டில் இனி யாரும் ஆரஞ்சை மதிக்கப் போவதில்லை. அதைவிட, ஒரு மனிதரைக் காரணமில்லாமல் கட்டிப் போட்டிருப்போம்.

பொழுது சாய்வதற்குள் அவருக்குக் குளிர் நடுக்கம் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. ரத்தத்தில் தொற்று ஏறியிருந்தது. மருந்து ஏற்கெனவே உடம்பில் ஓடிக்கொண்டிருந்ததால் தாங்கிக்கொண்டார், ஐ.சி.யு. வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. "பஸ்ஸுல போயிட்டு இருக்கும்போது இது வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் தேறி வீட்டுக்குக் கிளம்பும் அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அந்த மிசினு எதைப் பாத்து என்னைய நிறுத்துச்சுன்னு காட்டு தாயி."

ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணத்தைத் தமிழில் காட்டும்படி எழுதியிருந்தேன். டேப்லெட்டில் திறந்து கொடுத்தேன். காய்ச்சல் லேசா. மூச்சு லேசா. நாடி அவர் வழக்கத்தைவிட நல்லா ஏறியிருக்கு. அவர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"லேசா லேசான்னுதானே போட்ருக்கு?"

"ஆமாங்கய்யா. எல்லாம் ஒண்ணாச் சேந்துக்கிடுச்சு. அதான்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இதத்தானே நான் அன்னைக்கு விடியக்காலையில இருந்து சொன்னேன்? இந்த மனுசன் ஒரு மாதிரியா இருக்காரு, காப்பிய பாதியில வச்சுட்டாரு, பேச்சு சரியில்லன்னு. இவருகிட்ட சொன்னா, 'அதெல்லாம் ஒண்ணுமில்ல'ன்னாரு. வேற யாரும் ஏங்கிட்ட கேக்கல. நானும் பெரிய டாக்டரு சொல்லியாச்சு, நமக்கென்ன தெரியும்னு பாத்திரத்த அடுக்கிட்டேன்."

யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் டேப்லெட்டில் ஒரு கேள்வி சேர்ந்தது: 'கூட இருப்பவருக்குக் கவலை உண்டா?' லேசா, நல்லா, ரொம்ப. மணிவண்ணன் சார் பார்த்துவிட்டு, "இதுக்கு யூனிட் என்னம்மா? எப்படி அளக்குறது?" என்றார்.

"யூனிட் கிடையாது சார். கேக்கணும், அம்புட்டுதான்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த முறையில் விதி எழுதலாம் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், என்ஜின் எப்படி ஓடுகிறது என்பதும் பழகப் பழக வரும். விதி எழுத உட்காரும்போது மேசையைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் டாக்டருக்கு நாற்காலி போட்டேன், சிஸ்டருக்குப் போட்டேன். நோயாளியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை மறந்துபோனேன்.