ஸ்கேன் அறை வானொலி

"காதுல ஹெட்போன் மாட்டறேன் ஐயா. கொஞ்சம் ஜில்லுனு இருக்கும், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டுவார் ஸ்கேன்காரர். ஐயா கோபித்துக்கொள்ள வழியில்லை. விபத்து நடந்து ஐந்து மாதமாகிறது. இமைப்பதைத் தவிர அவர் எதுவும் செய்ததில்லை. ஆனாலும் போர்வை போடுவது, பலகை நகர்வது, இயந்திரம் தடதடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் முன்னறிவிப்பு உண்டு. நர்ஸுகள் ஸ்கேன்காரருக்கு வைத்திருக்கும் பெயர் வானொலி.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. காந்த அறைக்குள் இரும்பு ஆகாது என்பதால் பெல்ட் கிடையாது. நழுவும் பேன்ட்டை இழுத்து விட்டுக்கொள்வதிலேயே பாதி நாள் போய்விடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணினி முன் உட்கார்ந்தால் இன்னொரு பழக்கம். உள்ளே படுத்திருப்பவரிடம் பேச ஒரு பொத்தான் இருக்கிறது. பேசி முடித்ததும் அதன் விளக்கு அணைந்ததா என்று பார்ப்பார். ஒரு வாய் டீ குடித்துவிட்டு மறுபடியும் பார்ப்பார்.

அங்கே நடக்கும் சோதனையைப் பற்றி எழுதப் போயிருந்த நான், பொத்தானுக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி ஒரு டீச்சரம்மா வந்தாங்க சார். மூளையில ரத்தக் கசிவு. கண்ணு திறந்திருக்கும், பேச்சு மூச்சு கிடையாது. அன்னைக்குப் பொத்தான் மேல ஒரு ஃபைல் சாஞ்சு கிடந்திருக்கு, நான் கவனிக்கலை. பக்கத்துல இருந்தவன்கிட்ட, 'இங்க படம் எடுக்க என்ன இருக்கு? ஆளு எப்பவோ போயாச்சு. அந்தப் புருஷனை வேற கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுங்கப்பா'ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம்தான் விளக்கு எரியறதைப் பார்த்தேன். அவ்வளவும் அவங்க காதுக்குள்ள போயிருக்கு."

அப்போது அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கேட்க ஆள் இல்லை என்றே நம்பினார். போன வருடம்தான் இந்தப் புதிய சோதனை வந்தது. பந்தை ஓங்கி அடிப்பதாக மனதுக்குள் நினைக்கச் சொன்னால், விரல்கூட அசையாத சிலருக்கும் திரையில் தெரியும் மூளைப் படத்தின் உச்சியில் சிவப்பு எழுகிறது. வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைக்கச் சொன்னால் கீழே எழுகிறது. முதலாவதை 'ஆமாம்' என்றும் இரண்டாவதை 'இல்லை' என்றும் வைத்துக்கொள்கிறார்கள். முதன்முதலாக ஒருவருக்கு அப்படி எழுந்த அன்று அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். இவர் மட்டும் பொத்தானின் விளக்கைத் திரும்பிப் பார்த்தார். அன்று தொடங்கியதுதான் இந்த வானொலி.

நான் அங்கே போன மூன்றாம் நாள், பட்டியலில் அந்த டீச்சரம்மாவின் பெயர் இருந்தது.

வானொலி நின்றுபோனது. டீச்சரம்மாவை உள்ளே படுக்க வைத்தபோது ஒரு வார்த்தை இல்லை. "என் குரல் அவங்களுக்குத் தெரியுமே சார்" என்று என் காதருகே கிசுகிசுத்தார். மைக்கைச் சோதனை நடத்தும் டாக்டர் பக்கம் நகர்த்தி வைத்தார். டாக்டர் பந்து அடிக்கச் சொன்னார், உச்சியில் சிவந்தது. வீட்டுக்குள் நடக்கச் சொன்னார், கீழே சிவந்தது. மறுபடியும் கேட்டார், பிசகாமல் வந்தது. டீச்சரம்மா உள்ளேதான் இருக்கிறார்.

டாக்டர் கணவரைக் கூப்பிட்டு, "அவங்க களைச்சுப் போறதுக்குள்ள ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு என்ன கேக்கணும்?" என்றார்.

"தினமும் பக்கத்துல உக்காந்து பேசறேன் டாக்டர். எல்லாரும் என்னைப் பைத்தியம்கறாங்க" என்றார் கணவர். "இந்த மூணு வருஷமா பேசினதெல்லாம் அவளுக்குக் கேட்டுதான்னு மட்டும் கேளுங்க."

டாக்டர் மைக்கில் அதையே கேட்டார். ஆமாம் என்றால் பந்து, இல்லை என்றால் நடை. இயந்திரம் தடதடக்கத் தொடங்கியது. கணவர் இரு கைகளையும் கூப்பியபடி திரையின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குளிர் அறையில் ஸ்கேன்காரரின் கழுத்து வியர்த்திருந்தது. கணவரின் பேச்சு கேட்டிருந்தால் அன்றைய சிரிப்பும் கேட்டிருக்கும். எந்தப் பதிலுக்கு ஆசைப்படுவது என்று தெரியாமல் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கணினி படத்தின் மேல் நிறம் பூசத் தொடங்கியது. ஸ்கேன்காரர் எட்டி, திரையின் மேல்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.